கொறற்றியும் கட்டில் விரிப்பும்

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கொறற்றி மெல்பேர்ன் போகிறாள். மகளுக்குப் பிள்ளைப்பேறு, ஆறு மாதம் அங்கேதான். அதற்குள் அவளை நீர்வர்ணத்தில் வரைந்து எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். அவளிடம் சொன்னது, "சும்மா ஒரு பயிற்சி."

குரு, செத்து நானூறு வருடமான ஓர் இத்தாலிக்காரர். நூலகப் புத்தகத்தில் அவருடைய ஓவியம் இருந்தது. வெள்ளைத் துணி போர்த்திய பெண். துணிக்குள் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல வெளிச்சம். அவர் வெள்ளை வர்ணம் பூசியிருந்தார். நீர்வர்ணத்திலோ வெள்ளை என்பது தாளேதான். வெளிச்சம் விழும் இடத்தைத் தொடாமல் விட்டால் போதும்.

கொறற்றியைக் கட்டில் விரிப்பால் போர்த்தி ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

"ஒப்பரேசனுக்குக் கொண்டுபோற மாதிரி இருக்கு, ஹியூபேட்."

"கதைக்காதை, மடிப்புக் குலையுது."

முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் படிவம் நிரப்பியவன் நான். வெறும் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இராது. எழுத ஒன்றுமில்லாவிட்டால் குறுக்கே கோடாவது போட்டு மூடிவிடுவோம். தோளில் வெள்ளை தெரிந்தது, சாம்பல் பூசினேன். முழங்காலில் தெரிந்தது, நீலம் பூசினேன். சனி காலைக்குள் ஆறு தாள் பாழ்.

"இது ஆர்?" என்றாள்.

"நீதான்."

"மழையில நனைஞ்ச காகம் எண்டு நினைச்சன். உங்கட இத்தாலிக்காரர் இப்பிடி எல்லா இடமும் மெழுகேல்லையே?"

அடுத்த தாளுக்கு அவளே காவல். தூரிகை தோளை நெருங்கினால், "ம்ஹும்." மடியை நெருங்கினால், "ஹியூபேட்!" மடிப்புகளின் பள்ளத்தில் மட்டும் நிழலைத் தொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தேன். துணி ஒளிர்ந்தது, நான் ஒன்றுமே செய்யாத இடங்களில். முகமும் அவளுடையதேதான், சிரிப்பை அடக்கும்போது வருகிற கோணல் உட்பட.

வெகுநேரம் பார்த்தாள். காய்ந்ததும் எடுத்துப்போய்ச் சூட்கேசில் சீலைகளுக்கு நடுவே வைத்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"மகள் பாக்கட்டும். பயிற்சிதானே, உங்களுக்கு என்னத்துக்கு?"

சூட்கேசருகே போனேன்.

"எனக்கு வேணும்," என்றேன். "நீ இல்லாத ஆறு மாசத்துக்கு. அதுக்குத்தான் கீறினனான்."

கொறற்றி மறுபடி சூட்கேசுப் பக்கம் குனிந்தாள்.

"முதலே சொல்லியிருந்தா நல்ல சீலை ஒண்டு உடுத்திருப்பனே."

படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு விரிப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

"மகளுக்கு இன்னொண்டு கீறுங்கோ. கெதியா. சோறு அடுப்பில."