வேனில் விழித்திருந்தவள்

சந்தேகப்படுவதுதான் அவளுக்கு வேலையே. மருந்துக் கம்பெனியில் லேபிள் சரிபார்க்கிறவள். பாட்டில் பாட்டிலாக எடுத்து, தேதி சரியா, நம்பர் சரியா, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் அப்படிப் பார்த்துப் பழகிய கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். புருஷன் அவளுக்கு ‘சிஐடி’ என்று பெயரே வைத்துவிட்டான்.

வீட்டிலிருந்து கம்பெனிக்கு முழுசாக இரண்டு மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட வேண்டியதுதான். ஒன்பது பேரும் அப்படித்தான். ஸ்டோர்கீப்பர் விடுகிற குறட்டையில் ஜன்னல் கண்ணாடியே அதிரும். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் ஒருத்தராலும் இந்த வேலையில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க முடியாது. வண்டி எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் டிரைவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன மாதத்திலிருந்து வேன் தாமதமாகப் போக ஆரம்பித்தது. மற்ற எட்டுப் பேரும் ஆபீஸ், ஸ்டோர் ஆட்கள், அவர்களுக்குக் கால் மணி நேரம் சலுகை உண்டு. பேக்கிங் லைனில் நிற்கிற அவள் மட்டும் ஏழு நாற்பதுக்குள் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தவறிவிட்டது. மூன்றாவதும் தவறினால் இரண்டாம் ஷிப்ட்டில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது முடிந்து வீடு வர நடுராத்திரி தாண்டிவிடும். அப்புறம் பள்ளிக்கூடம் போகிற மகளோடு உட்கார்ந்து பேச ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

“கம்பெனி வேன்லதானே சார் வர்றேன்?” என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

“அதை டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல போய்ச் சொல்லும்மா. எனக்கு லேட்டுன்னா லேட்டுதான்.”

டிரைவரிடமே கேட்டாள். “ஏண்ணே, இப்பல்லாம் இவ்வளவு லேட்டாகுது?”

“டிராஃபிக்மா.” முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

காலை ஆறு மணிக்கு என்ன டிராஃபிக்? நாய்கூட நடுரோட்டில் நீட்டிப் படுத்திருக்கிற நேரம். யாரிடம் காது குத்துகிறார் இந்த மனுஷன்?

“டீசலை உருவி வித்துக்கிட்டிருப்பான்,” என்றான் புருஷன். “சிஐடி இருந்துமா கண்டுபிடிக்க முடியல?”

மறுநாள் அவள் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். ஆறரை மணி வாக்கில் வண்டி மெயின் ரோட்டை விட்டு இறங்கி, பூட்டிக் கிடந்த ஒரு லாரி எடைமேடைக்குப் பின்னால் போய் நின்றது. இன்ஜின் அணைந்தது. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தாள். டிரைவர் கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தூங்குகிறார்களா என்று பார்க்கிறார்! சட்டென்று மூடிக்கொண்டாள்.

மறுபடி திறந்தபோது அவர் போனில் ஏதோ அமுக்கிச் சட்டைப் பையில் போட்டார். ஸ்டீயரிங் மேல் கையை மடக்கி வைத்து, அதன் மேல் தலையைக் கவிழ்த்தார். அவ்வளவுதான். டீசலும் இல்லை, திருட்டும் இல்லை. ஐயா தூங்குகிறார்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தி ஒவ்வொரு நிமிஷத்துக்கும் செத்துப் பிழைக்கிறாள், இவருக்குக் குட்டித் தூக்கமா? சத்தமில்லாமல் போட்டோ எடுத்தாள். பன்னிரண்டாவது நிமிஷம் டிரைவரின் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. அவர் எழுந்து முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தில் பளார் பளாரென்று தானே இரண்டு அறை விட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அன்று ஓட்டமாக ஓடி ஏழு முப்பத்தொன்பதுக்கு விரல் வைத்தாள். டீ இடைவேளையில் நேராக டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய்ப் போட்டோவைக் காட்டினாள். சாயங்காலம் வேனில் வேறு டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

“பழையவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க,” என்றார் ஸ்டோர்கீப்பர். “எவனோ போட்டுக் கொடுத்துட்டான். பாவம்மா அந்த மனுஷன். போன மாசம் ஒரு டிரைவர் நின்னதுலேர்ந்து ரெண்டு வண்டியும் இவர் தலையில. ரெண்டாம் ஷிப்ட் ஆளுங்களை இறக்கிட்டு வீட்டுக்குப் போகவே ராத்திரி ஒன்றரை ஆகும். நாலு மணிக்கு நம்ம வண்டியை எடுக்கணும். மனுஷன் எப்பத்தான் தூங்குவாரு?”

அவள் டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தாள். “இப்ப... அந்த ரெண்டு வண்டியும்?”

“இதோ, இவருக்குத்தான். வேற யாரு?”

புது டிரைவர் கெட்டிக்காரர். மூன்று நாளும் ஏழு இருபத்தைந்துக்கே கொண்டுபோய் இறக்கினார். வேனில் எல்லாரும் அவரை ஆஹா ஓஹோ என்றார்கள். அவள் மட்டும் டிரைவருக்குப் பின் சீட்டுக்கு மாறி, கண்ணாடியில் தெரிந்த அவர் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். தூக்கம் கெட்டு, லைனில் லேபிள் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

நாலாம் நாள் அந்த இமைகள் இறங்கின. ஏறின. மறுபடி இறங்கி அப்படியே நின்றன. வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. எதிரே வந்த லாரி அலறியதில் அவர் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தார். பின்னால் ஸ்டோர்கீப்பரின் குறட்டை ஒரு நொடி தடைபட்டுத் தொடர்ந்தது.

“அண்ணே!” அவள் அவர் சீட்டைப் பிடித்து உலுக்கினாள். “ஓரமா நிறுத்துங்கண்ணே. ஒரு கால் மணி நேரம் தூங்கிட்டு எடுங்க.”

“உங்களுக்கு லேட்டாகுமேம்மா?”

“ஆனா ஆகட்டும். என்னை எந்த ஷிப்ட்டுக்கு வேணா போடட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க.”

அவர் கண்ணாடி வழியாக அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்வை அவள் மடியிலிருந்த போனில் வந்து நின்றது.

“இந்த வண்டியில யாரோ தூங்கற மாதிரி நடிச்சுப் போட்டோ எடுப்பாங்கன்னு சொன்னாங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா. போனை உள்ள வைங்க,” என்று சொல்லிவிட்டு அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.