இருபத்தைந்திலேயே நின்ற சூடு

தேவாரத்தில் மின்வேலியைத் தாண்டுவதற்காக யானை ஒன்று ரப்பர் செருப்பு தைக்கக் கொடுத்தது என்று சொன்னவன் நான்தான். கால் அளவு எடுக்கும்போது அது கூச்சப்பட்டு நெளிந்தது என்றும் சொன்னேன். போடியில் அதைக் கேட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. ஆகவே இதையும் இந்த ஜக்கையன் அவிழ்த்துவிடும் கதை என்று நீங்கள் நினைத்தால் உங்கள் மேல் தப்பில்லை.

அனுசியா சிலமலைக்காரி. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் ஸ்டோர் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, மூடிய அறைக்குள் சூடான காற்றை விட்டு உலர்த்துகிற இடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். அவளுக்கு அது முதல் பருவம். பச்சை நிறம் மாறாமல் காய் காய்ந்து வந்தால் தோட்டக்காரர்கள் அடுத்த பறிப்பையும் அவளிடம் கொண்டுவருவார்கள். கருகினால் வேறு ஸ்டோர் பார்ப்பார்கள்.

சூட்டை ஐம்பது டிகிரியில் நிறுத்தி வைக்க அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. போடியில் அஷ்ஃபாக் கடையில் வாங்கியது. அதிலிருந்து ஓர் ஒயர் அறைக்குள் போகும். நுனியில் மிளகளவு சென்சார். அது சொல்வதைக் கேட்டுத்தான் பெட்டி கேஸ் அடுப்பை எரியவிடும், அணைக்கும்.

ஒரு நாள் காலையில் பெட்டியில் எண்கள் கண்டபடி குதித்தன. அனுசியா எனக்குப் போன் போட்டாள். தாத்தா வயது என்பதால் மரியாதையாக என்னை அப்பு என்றுதான் கூப்பிடுவாள். நான் நாற்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றியவன். அஷ்ஃபாக்கைக் கூப்பிடட்டுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஜீப்பில் ஏறிவிட்டேன்.

பெட்டியிலிருந்து ஒயரை உருவி, சென்சாரைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். தடை பத்தாயிரம் ஓம் காட்டியது. வெந்நீரில் முக்கினேன். ஓம் சரசரவென்று இறங்கியது. செம்புக் கம்பி சூடேறினால் தடை கூடும். நாற்பது வருஷத்தில் ஒரு கம்பிகூட என்னிடம் மாற்றிப் பேசியதில்லை. இது இறங்குகிறது என்றால் கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, பெட்டியோடு வந்த காகிதத்தில் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் டப்பாவில் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று கிடந்தது. அதை அந்த இடத்தில் பற்றவைத்து ஒயரைச் சொருகினேன். பெட்டி இருபத்தைந்து என்று காட்டியது. குதிக்கவில்லை. பாலில்லாத கட்டன்சாயா ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு மலையிறங்கினேன்.

மதியம் அனுசியா பேசினாள். சூடு ஏறவே இல்லை, இருபத்தைந்திலேயே நிற்கிறது என்றாள். மலைக் குளிர், மெதுவாகத்தான் ஏறும் என்றேன். சாயங்காலம் மறுபடி பேசினாள்.

"செவுத்துல கை வைக்க முடியல அப்பு. பெட்டி இன்னும் இருபத்தஞ்சுங்குது. தொறந்து பாக்கவா?"

நான் வைத்த ரெசிஸ்டர் ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்தது. திறந்து பார் என்றால் என் வேலையை நானே சந்தேகப்பட்டதாகிவிடும். திறக்காதே, உள்ளே இருக்கிற சூடெல்லாம் போய்விடும் என்றேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால், தட்டுத் தட்டாகப் புளியங்கொட்டை நிறத்தில் காய். ஒன்றை எடுத்து நசுக்கினேன், பொடியாகிவிட்டது. அனுசியா அழவில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு என் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் அந்த ரெசிஸ்டரைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு, சென்சார் உருகி உதிர்ந்துவிட்டது, பெட்டியே மட்டம், அஷ்ஃபாக் உன் தலையில் கட்டிவிட்டான் என்றேன்.

எழுபத்தொரு வயதுக்குள் நான் சொன்ன பொய்களில், கேட்டவர்கள் சிரிக்காமல் நம்பியது அது ஒன்றுதான். பேச்சு பரவி, அந்த வாரமே இரண்டு ஸ்டோர்காரர்கள் தங்கள் பெட்டிகளை அஷ்ஃபாக்கிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சென்சாரை எடுத்து வெந்நீரில் போட்டேன், ஓம் இறங்கியது. பச்சைத் தண்ணீரில் போட்டேன், ஏறியது. பத்துத் தடவை செய்தேன். பத்துத் தடவையும் அதே இறக்கம், அதே ஏற்றம். கெட்டுப்போன சாமான் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. அப்போதுதான் அதை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்தேன். தெர்மிஸ்டர், குறைகடத்தியால் ஆனது, சூடு ஏற ஏறத் தடை குறையும் என்று அட்டவணையே போட்டிருந்தது. இருபத்தைந்து டிகிரிக்கு நேரே பத்தாயிரம் ஓம். எனக்குப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை, அவ்வளவுதான்.

செம்பு என்பது ஜீப்புகள் நிறைந்த மெட்டுச்சாலை. சூடு வந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தடுமாறும். குறைகடத்தி, தொழிலாளர்கள் குளிருக்குப் போர்த்திப் படுத்திருக்கும் எஸ்டேட் லயம். வெயில் ஏறினால்தான் ஒவ்வொருவராக எழுந்து சோலிக்குக் கிளம்புவார்கள். ஆள் கூடக் கூடக் கரண்டு ஓடும். நான் வைத்த ரெசிஸ்டரோ எந்தச் சூட்டிலும் அசையாது. உள்ளே காய் வெந்துகொண்டிருந்தபோதும் அது இருபத்தைந்து, இருபத்தைந்து என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது; பெட்டியும் அதை நம்பி அடுப்பை அணைக்கவே இல்லை.

மறுநாள் அஷ்ஃபாக் கடைக்குப் போனேன். அனுசியா பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கல்லாமேல் வைத்துவிட்டு நின்றாள். கருகிய காயில் பாதிக்குச் சொந்தக்காரரான மாரீஸ்வரனும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். அஷ்ஃபாக் தலை குனிந்து ஏதோ சொல்லிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. நான் நடந்ததை அப்படியே சொன்னேன். சூடு ஏறினால் தடை இறங்கும் என்ற இடத்துக்கு வந்ததும் மாரீஸ்வரன் சிரித்துவிட்டார்.

"அப்பு, இது யானைச் செருப்பையே தூக்கிச் சாப்பிட்டுருச்சு. பய பாவம்னு காப்பாத்த வந்தீகளாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அனுசியாகூட லேசாகச் சிரித்தாள். நான் பக்கத்துக் கடையில் ஆவி பறக்க ஒரு டீ வாங்கி வந்து கல்லாமேல் வைத்து, மீட்டரில் மாட்டிய சென்சாரை அதற்குள் விட்டேன். பத்தாயிரம், ஏழு, நாலு, இரண்டுக்கும் கீழே போய்விட்டது. அதை எடுத்துவிட்டு ரெசிஸ்டரை விட்டேன். எண் நின்ற இடத்திலேயே நின்றது.

சிரிப்பு அடங்கிவிட்டது. அஷ்ஃபாக் பெட்டியின் ஒயர் சொருகும் இடத்தைப் பார்த்தான். அங்கே களிம்பு பிடித்திருந்தது. எண்கள் குதித்ததற்கு அதுதான் காரணம்; நான் ஒயரை உருவிச் சொருகியதில் அது கொஞ்சம் விலகி, குதிப்பு நின்றிருக்கிறது. அவன் களிம்பைச் சுரண்டத் தொடங்கினான்.

அனுசியா என்னைப் பார்த்தாள்.

"சாயங்காலம் நான் போன் பண்ணுனப்பவே தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் நான் எதைச் சொன்னாலும் நம்ப ஒரு கடை நிறைய ஆள் காத்திருந்தது.

"சந்தேகம் வந்துச்சு ஆத்தா," என்றேன்.

அஷ்ஃபாக் சென்சாரைத் துடைத்து, பெட்டியின் ஒயரில் பற்றவைத்துக் கொடுத்தான். அவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மேலே போகும் ஜீப்பு ஆரன் அடித்தது.

"இனிமே என் ஸ்டோருக்கு வராதீங்க, அப்பு," என்று சொல்லிவிட்டு வெரசாகப் படியிறங்கினாள்.

அந்த அப்புவையும் சேர்த்தே சொன்னாள். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.