மூணு தடவை அட்ஜஸ்ட்

இருதயசாமி படித்திருந்த நாவல்களில் யாருக்கும் முதுகு வலித்ததில்லை. நெஞ்சு நோகும், இருமல் வரும், வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம் தெரியும். உடனே கதாநாயகன் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பெய்யும் பனியைப் பார்ப்பான். ரஷ்யாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தமிழுக்கு வந்து சேர்ந்த நாவல்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவன் இரண்டு தரமாவது படித்திருந்தான். கொடைக்கானலில் மிஷன் வாசகசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை, வயது இருபத்து மூன்று. ஏரியின் மேல் மேகம் இறங்கினால் மஃப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, 'ஆ, என்ன கொடிய குளிர்காலம்!' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான். அது பெரும்பாலும் ஆகஸ்டு மாதமாக இருக்கும்.

அப்படிப்பட்டவனைத்தான் அறுபத்திரண்டாம் வருஷத்துச் சீசனில் டாக்டர் ஓல்சனுக்கு மொழிபெயர்க்க அனுப்பிவைத்தார்கள்.

ஓல்சன் அமெரிக்கர். முதுகெலும்புக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர், மூன்று வாரம் மலையில் தங்குவார், மலைச் சனங்களுக்கு இலவசமாகப் பார்ப்பார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. மருந்து கிடையாது, ஊசியும் கிடையாது என்று கேள்விப்பட்டதும், அப்படியானால் பேசித்தான் குணப்படுத்துவார் என்று இருதயசாமி முடிவு செய்துகொண்டான். அவன் படித்த நாவல்களில் நல்ல டாக்டர்களெல்லாம் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசத்தான் செய்வார்கள்.

பருவத்துக்குப் பருவம் முதுகை எப்படிப் பேணுவது என்று டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். அதை இருதயசாமி இரண்டு நாள் முக்கி முனகி மொழிபெயர்த்து, மிஷன் பங்களாவின் கார் ஷெட் கதவில் ஒட்டினான். அந்த ஷெட்தான் ஆஸ்பத்திரி. உள்ளே மெத்தை போட்ட ஒரு நீள பெஞ்சு, அவ்வளவுதான்.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவள் குப்பம்மாள். வில்பட்டியிலிருந்து தினம் உருளைக்கிழங்குக் கூடையைச் சுமந்து மார்க்கெட்டுக்கு வருகிறவள். ஒரு மாசமாக இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு, கூடையை இறக்கினால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் ஏற்ற முடியவில்லை. கூடை ஏற்றாவிட்டால் அவள் வீட்டில் உலை ஏறாது. கதவில் இருந்த தாளை அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

இருதயசாமி தொண்டையைச் செருமிக்கொண்டான். "இலையுதிர்காலத்தில், ஓ அன்பர்களே, முதுகுத்தண்டானது சோர்வுறும்..."

"எலை உதுருற காலமா? இங்க எந்த எலை உதுருது? மழை, பனி, சீசன். இந்த மூணுல அது எதுல சேத்தி?"

"அது... அங்கே வரும், அக்கா."

"அப்ப அங்கனயே இருக்கட்டும். பனிக்கு என்ன போட்டிருக்கு?"

"கணப்பின் அருகே அமர்ந்து முதுகுக்கு இதமளிக்க வேண்டும்."

"நான் அமந்துட்டா கெழங்கை யாரு தூக்குறது? ஒங்க தொரையா?"

டாக்டர் அவளைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், சேலைக்கு மேலாகவே நடுமுதுகில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொன்னார். இருதயசாமிக்கு இரண்டு புரிந்தது. ஓரிடத்தில் பிசகியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. மூன்றாவதில் 'மூன்று தடவை' என்பதும் 'அட்ஜஸ்ட்' என்பதும் இருந்தன.

அட்ஜஸ்ட்! அந்தச் சொல் கொடைக்கானலில் யாருக்குத் தெரியாது? இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆளைச் சொருகும்போதெல்லாம் பஸ் கண்டக்டர் ஆண்டிச்சாமி சொல்வது அதுதான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா." இருதயசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. துன்பத்தோடு இணங்கிப் போவதே வாழ்க்கை! எவ்வளவு பெரிய டாக்டர், எவ்வளவு எளிய சொல்! இப்படி ஒரு வாக்கியத்துக்காக அவன் முந்நூறு பக்கம் காத்திருந்ததெல்லாம் உண்டு. சந்தேகம் கேட்கலாம் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. கேட்டால் ஆங்கிலம் தெரியாதவன் என்று ஆகிவிடாதா?

"அக்கா, நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணுமாம். மூணு தடவை அட்ஜஸ்ட் பண்ணிட்டா எல்லாம் சரியாப் போயிருமாம்."

குப்பம்மாள் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதைச் சொல்லத்தான் கடல் தாண்டி வந்தாராக்கும்? கல்யாணம் ஆன நாள்லயிருந்து நான் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன். மூணு தடவையாமுல்ல!" சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டாக்டர் திகைத்தார். ஏன் போகிறாள் என்று கேட்டார்.

"வீட்டிலேயே செய்துகொள்வார்களாம், ஐயா" என்றான் இருதயசாமி ஆங்கிலத்தில்.

"வீட்டிலா? யார் செய்வது?"

"தாங்களேதான், ஐயா. இங்கே பெண்கள் எல்லோரும் தினமும் செய்துகொள்கிறார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து."

டாக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அதற்குப் பிறகு ஷெட்டுக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. கார் ஷெட்டில் ஒரு தொரை உட்கார்ந்துகொண்டு பொறுத்துப் போகச் சொல்கிறார் என்று வில்பட்டி முழுக்கப் பேச்சு. காலையில் பங்களாவுக்குள் வெள்ளைக்காரர்களுக்கு டாக்டர் வைத்தியம் பார்ப்பார், அங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு வேலையில்லை. மத்தியானம் அவர் ஷெட் வாசலில் காத்திருப்பார். இருதயசாமி படியில் கேள்விக்குறி மாதிரி வளைந்து உட்கார்ந்து, தலையணை கனத்தில் இருந்த ஒரு நாவலைப் படிப்பான். இரண்டரை வாரம் இப்படியே போயிற்று.

டாக்டர் கிளம்புவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, நாவலின் இரண்டாம் பாகம் கை நழுவிக் கீழே விழுந்தது. இருதயசாமி குனிந்து எடுத்தான். எடுத்ததோடு சரி, நிமிர முடியவில்லை. கைக்குட்டையும் ரத்தத் துளியுமாக வரவேண்டியது, நடு இடுப்பில் ஒரு பிடிப்பாக வந்து நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பக்கூட வழியில்லை, தன் செருப்பைத்தான் பார்க்க முடிந்தது.

"பெஞ்சில் படு. உன்னை அட்ஜஸ்ட் பண்ணுகிறேன்" என்றார் டாக்டர்.

"பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா" என்றான் இருதயசாமி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

டாக்டர் அவனைத் தூக்கிக் குப்புறப் போட்டார். இரண்டு உள்ளங்கை முதுகில் பதிந்தன. ஓர் அழுத்து. 'கடக்' என்று ஒரு சத்தம். செத்தோம் என்று நினைத்தான். எழுந்து பார்த்தால் நிமிர்ந்து நிற்கிறான்! வலி முக்கால்வாசி போயிருந்தது. கூடவே அந்தச் சொல்லின் அர்த்தமும் 'கடக்'கென்று புரிந்துவிட்டது.

"ஐயா, இதுதான் அட்ஜஸ்ட்டா?"

"வேறு என்ன?"

இருதயசாமி அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான், கண்டக்டர் ஆண்டிச்சாமி உட்பட. டாக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இரண்டு கோடு போட்டிருந்த பக்கத்தைக் கிழித்தார். "நாளை பத்து மணிக்கு டாக்ஸி வருகிறது. அதற்குள் அவளைக் கூட்டிவா" என்றார். பத்து நாளைக்குக் கனம் தூக்காதே என்றும் சொன்னார். அதை மட்டும் இருதயசாமி தனக்கு மொழிபெயர்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வெள்ளனே கிளம்பி வில்பட்டிக்கு நடந்தான். வழி நெடுக ஒரு மன்னிப்பு வசனம் தயாராயிற்று. தோட்டத்து ஓரத்தில் குப்பம்மாள் கூடையில் கிழங்கை நிரப்பிக்கொண்டிருந்தாள், ஒரு கையை முதுகில் ஊன்றியபடி.

"ஓ, துயருற்ற பெண்மணியே..."

"யாரைலே சொல்ற?"

வசனம் மறந்துபோயிற்று. "அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன். அட்ஜஸ்ட்னா பொறுத்துப் போறது இல்ல. கையால அமுக்கிப் பிசகைச் சரி பண்றதாம். நேத்து எனக்கே பண்ணினாரு. இன்னிக்குப் பத்து மணிக்குக் கெளம்புறாரு, அதுக்குள்ள உங்களைக் கூட்டியாரச் சொன்னாரு."

குப்பம்மாள் கிழங்கைக் கீழே போட்டாள். "அப்ப பதினெட்டு நாளா நான் இந்த வலியோட நடந்தது ஒன் இங்கிலீசுக்காகவா?"

"ஆமாக்கா."

"நல்லாருப்ப. இந்தக் கூடை இன்னிக்குச் சந்தைக்குப் போயாகணும். நான் தொரைகிட்டப் போயிட்டா இதை எவன் தூக்குவான்?"

"நான் தூக்குறேன்க்கா."

அவள் அவனை மஃப்ளரிலிருந்து பாதம் வரை பார்த்தாள். "நீயா? ஒன்னைத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும்." ஆனாலும் சும்மாட்டைச் சுருட்டி அவன் தலையில் வைத்தாள்.

ஐந்து மைல். முதல் மைலில் அவன் தியாக புருஷன். இரண்டாவதில் சைபீரியாவுக்கு நடக்கிற கைதி. மூன்றாவதிலிருந்து அவன் யாருமில்லை, கிழங்குக்குக் கீழே ஒரு கழுத்து. பின்னால் குப்பம்மாள் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வெரசா நட, பத்து மணின்னேல்ல" என்று விரட்டிக்கொண்டே வந்தாள். மிஷன் கேட்டுக்குள் நுழைந்தபோது டாக்ஸி பெட்டிகளோடு தயாராக நின்றது. வந்து சேர்ந்த சந்தோஷத்தில் இருதயசாமி கூடையை வீராவேசமாக ஒரு சுழற்றுச் சுழற்றி இறக்கினான். கூடை தரையில் நின்றது. அவன் கூடையின் மேலேயே குனிந்து நின்றுவிட்டான். அதே இடம், அதே பிடிப்பு.

டாக்டர் குப்பம்மாளை ஷெட்டுக்குள் கூட்டிப்போனார். சற்று நேரத்தில் 'கடக்' என்ற சத்தமும், தொடர்ந்து "ஏலே பாவி!" என்ற சத்தமும் கேட்டன. அவள் வெளியே வந்தாள். ஒரு மாசத்துக்குப் பிறகு இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்து பார்த்தாள்.

டாக்டர் சொன்னதை இருதயசாமி குனிந்தபடியே, நாவல் வாசனை இல்லாமல் சொன்னான். "பதினஞ்சு நாளைக்குத் தலையில எதையும் ஏத்தக் கூடாதாம்க்கா. மூணு தடவை பண்ணியிருந்தா நல்லாக் குணமாயிருக்குமாம். இப்ப ஒரு தடவைதான் ஆச்சு."

"மத்த ரெண்டு?"

"அதை நான் முழுங்கிட்டேன்க்கா."

அவள் கூடையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் வைதிருந்தாலே தேவலை.

டாக்ஸி ஹாரன் அடித்தது. டாக்டர் ஷெட் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூடை மேல் கவிழ்ந்திருந்த தன் மொழிபெயர்ப்பாளனையும் பார்த்தார். பிறகு அவன் தோளைத் தட்டி, மூன்று வாரத்தில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

கார் கேட்டைத் தாண்டி இறக்கத்தில் மறைந்தது.

"ஒனக்கு என்னலே சொல்லிட்டுப் போறாரு?"

"ஆண்டிச்சாமி சொல்றதைத்தான்க்கா."

குப்பம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்தும் வலிக்காததில் அவளுக்கே ஆச்சரியம். பிறகு கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அக்கா, தூக்கக் கூடாது!"

"தலையிலதான ஏத்தக் கூடாதுன்னாரு. பிடி அந்தப் பக்கத்தை. பதினஞ்சு நாளைக்கு இந்தக் கூடைக்கு நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தெனம் வெள்ளனே வில்பட்டிக்கு வந்துரு."

"நிமிர முடியலக்கா."

"கூடையும் கீழதான கெடக்கு. குனிஞ்சே நட."

இருதயசாமி குனிந்தபடியே கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தான்.