பேய்க்குக் கைவிலங்கு

அந்த பைண்டிங் கூடத்தில் யாருமே ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து படித்ததில்லை. அச்சான தாளை மடித்தால் பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். காலையில் ஒன்பதாவது ஃபாரம் வரும், மத்தியானம் மூன்றாவது வரும், முதலாவது நாளைக்குத்தான் வரும். செத்தவன் யாரென்று தெரிவதற்கு முன்பே அவனுக்காக அழுகிறவர்களைத் தெரிந்துவிடும்.

பெரியவளுக்கு இந்தக் குளறுபடி பழகிப்போனதோடு பிடித்தும் போயிருந்தது. கை பாட்டுக்கு மடிக்கும்; கண் பாட்டுக்கு மேயும். கொலை, பேய், காணாமல் போன வாரிசு, எது வந்தாலும் விடமாட்டாள். கூடத்தில் அவளுக்கு சிஐடி அக்கா என்று பெயர்.

ஆறு மாதம் மேஸ்திரியிடம் கெஞ்சி, தன் ஓரகத்தியையும் அவள் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தாள். வீட்டில் அவள் பெரியவள், இவள் சின்னவள். சின்னவள் பயந்த சுபாவம். பேய்க் கதை ஃபாரத்தைக்கூட எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பிப் போட்டுத்தான் தொடுவாள்.

அந்த வாரம் ஒரே பதிப்பாளருக்கு இரண்டு நாவல்கள். ஒன்று பேய்க் கதை, இன்னொன்று துப்பறியும் கதை. ஒரே அளவு, ஒரே தாள், இரண்டிலும் பன்னிரண்டு ஃபாரம். நீள மேசையில் குவியல் குவியலாக வைத்திருப்பார்கள். ஒருத்தி மேசையைச் சுற்றி வந்து குவியலுக்கு ஒன்றாக எடுத்தால் ஒரு புத்தகம் சேர்ந்துவிடும். வரிசை சரிதானா என்று பார்ப்பதற்கு ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு உண்டு. சேர்த்துத் தட்டினால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டும். படி சரியாக இறங்கினால் புத்தகம் சரி. அதற்குமேல் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பதிப்பாளர் பேய்க் கதையின் முதல் புத்தகக் கட்டை எடுத்துப் போனார். சனிக்கிழமை காலை அவரிடமிருந்து போன் வந்தது. முதலாளி பேசிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"யாரும்மா இது? பதிப்பாளர் சம்சாரம் பயந்துக்கிட்டே படிச்சிருக்காங்க. கிணத்துமேல பேய் நிக்குது. பக்கத்தத் திருப்பினா இன்ஸ்பெக்டர் வந்து, 'இனிமே நீ தப்பிக்க முடியாது'ன்னு கைவிலங்கு மாட்டுறாராம்!"

கூடமே சிரித்தது. "பேய்க்கு ஜாமீன் கெடைச்சுதா மேஸ்திரி?" என்று தையல் மெஷினிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"சிரிங்க, சிரிங்க. அம்பது புத்தகம் இப்பிடி இருக்கு. பேய்க் கதையச் சுத்தி வந்து சேத்தது யாரு?"

சின்னவள்தான் சேர்த்திருந்தாள். "நான்தான்... மாத்தி எடுத்து வெச்சிட்டேன் போல."

"திங்கக்கிழமைலேருந்து வர வேணாம்மா. கணக்க முடிச்சிக்கிட்டுப் போ."

அத்தனை பேரிலும் பெரியவள் ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். புதன்கிழமை துப்பறியும் கதையின் கடைசி ஃபாரம் மடித்து வந்ததும், தட்டி அடுக்குகிற சாக்கில் ஐம்பதை அள்ளிக்கொண்டு ஜன்னலோரம் போனவள் அவள். கொலைகாரன் யாரென்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. நாலு வரி படிப்பதற்குள் மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டது. கையிலிருந்ததைப் பக்கத்துக் குவியலில் போட்டுவிட்டு நகர்ந்தாள். அது பேயின் குவியல். இரண்டுமே பன்னிரண்டாவது ஃபாரம், கறுப்புக் கோடு ஒரே இடத்தில். படிக்கட்டு அழகாக இறங்கிவிட்டது.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி வேலையைச் செய்தாள். செய்யாத தப்பைச் செய்ததாகவே நம்பிவிட்டாள். அதுதான் பெரியவளைக் குடைந்தது. சண்டை போட்டிருந்தால்கூட வாயைத் திறக்க ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். 'கடவுளே, வேற ஏதாவது வழி காட்டேன்' என்று மடித்த ஃபாரத்தையே மறுபடி மடித்தாள். கடவுள் வேறு வழி காட்டவில்லை. ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பது அவர் வழக்கம்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. ஒரு மணிக்குச் சின்னவள் பையை மாட்டிக்கொண்டபோது பெரியவள் எழுந்தாள்.

"மேஸ்திரி, அது நான்."

"எது நீ?"

"கொலைகாரன் யாருன்னு பாக்கணும்னு அம்பது ஃபாரத்த எடுத்துட்டுப் போனேன். நீங்க வரவும் பேய்க் குவியல்ல போட்டுட்டேன். அவ அங்க இருந்தத எடுத்து வெச்சா, அவ்ளோதான்."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷமா இங்க இருக்க. இத இப்பத்தான் சொல்ற?"

"பயமா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தார். குரலில் பாதிச் சூடு இறங்கியிருந்தது. "அம்பதையும் திருப்பி வாங்கியாச்சு. அட்டைய உரிச்சு, பசையச் சுரண்டி, கடைசி ஃபாரத்த மாத்தி, திங்கக்கிழமைக்குள்ள நீயே முடிக்கணும். ஒரு மாசத்துக்கு மடிப்பு மேசை கிடையாது, பசை வாளிதான். அதுல படிக்க ஒண்ணும் இருக்காது." பிறகு சின்னவளைப் பார்த்தார். "நீ திங்கக்கிழமை வந்துடும்மா. கேக்காம கத்திட்டேன். மனசுல வெச்சுக்காத."

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பெரியவள் தரையில் உட்கார்ந்து கத்தியால் முதல் புத்தகத்தின் அட்டையை உரித்தாள். சின்னவள் வாசலிலேயே நின்றாள்.

"காலைலேருந்து அழுதுட்டிருந்தேன்க்கா. பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

"நான்தான் பண்ணிட்டேன்னு நெனச்சேன். எனக்கு மூளையே இல்லைன்னு நெனச்சேன்."

பெரியவள் கையில் உரித்த அட்டை அப்படியே இருந்தது. "தப்புதாம்மா. மன்னிச்சிடு. காலைலயே சொல்லியிருக்கணும்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. சின்னவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குவியலில் சரிபாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ போம்மா. வீட்ல புள்ளைங்க காத்துட்டிருக்கும்."

"உங்க புள்ளைங்களும்தான் காத்துட்டிருக்கு. ரெண்டு பேரும் பண்ணா நாலு மணிக்குள்ள போயிடலாம். கோவம் எல்லாம் தீரலக்கா, அது இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கும். கத்திய இங்க குடுங்க, உங்களுக்குச் சுரண்டவே வரல."

பெரியவள் கத்தியைக் கொடுத்தாள். சின்னவள் முதல் பேயின் கைவிலங்கை அழகாக அறுத்து எடுத்தாள்.