யாரைக் கூப்பிடுவது

பிஷ்கெக்கில் என்னைப் போல ஒரு சோம்பேறி கிடையாது என்பாள் ஜிபார், பக்கத்து மேசைக்காரி. எனக்கு நேரத்தை வீணடிக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிகள் கேட்கிற கேள்விக்குத் தரவுத்தளத்திலிருந்து பதில் எடுத்துக் கொடுப்பது எங்கள் சர்வர். ஒவ்வொரு சோதனைக்கும் உண்மைத் தளத்தை இணைத்தால் பாதி நாள் ஓடிவிடும். அதனால் நானே ஒரு பொய்த்தளம் எழுதிச் சோதித்தேன்.

"நீங்க சொல்லிக்குடுத்தத அது திருப்பிச் சொல்லுது. கிளிப்பிள்ளைய வளத்துட்டு அதுகிட்டயே சாட்சி கேக்குறீங்களேக்கா!" என்றாள் ஜிபார்.

"சரிடி, எந்தக் கேள்விக்கு உண்மைத் தளம் வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"ஆபத்துன்னா யாரக் கூப்பிடணும்? அதுக்கு."

சோதனைக்கென்று அவரவர் வீட்டு ஆட்களின் ஆஸ்பத்திரிப் பதிவுகளையே, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, உண்மைத் தளத்திலிருந்து பிரதி எடுத்தோம். நான் கொடுத்தது எர்மெக்கின் பதிவு. என் தலைப்பிள்ளை. எங்கள் ஊர் வழக்கப்படி மாமனார் மாமியாருக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டோம். காகிதத்தில் அவன் என் கொழுந்தன். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். எனக்கு அதில் வருத்தமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். தூரத்து ஓஷ் நகரத்தில் தனியாகப் படிக்கிறானே, அவனுக்கு ஒன்றென்றால் எனக்குக் கடைசியாகத்தானே சொல்வார்கள் என்பது மட்டும் தொண்டை முள்ளாக உறுத்தும். போனில் சம்மதம் கேட்டபோது, "தாராளமா எடுத்துக்கோங்க அண்ணி" என்று எதற்கோ சிரித்தான்.

சரியான விடை என்று மாமியார் பெயரை எழுதி ஓடவிட்டேன். சிவப்பு விழுந்தது; சர்வர் வேறு பெயரைச் சொல்கிறது என்று அர்த்தம்.

"சர்வர் உளறுதுடி."

"இருங்க, தளத்துலயே பாப்போம்."

ஜிபார் திரையை என் பக்கம் திருப்பினாள். பதினெட்டு முடிந்ததும் எர்மெக் தானே போய்ப் பதிவை மாற்றியிருக்கிறான். கூப்பிட வேண்டியவர்: புருல். என் பெயர், என் எண். உறவு: அம்மா.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜிபார் தன் தேநீர்க் கிண்ணத்தை என்னிடம் நகர்த்தினாள்.

"சர்வர் சரியாத்தான் சொல்லுதுக்கா. நீங்க எழுதுன விடைதான் தப்பு."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "மனுஷங்கள கூப்பிடச் சொல்ற கேள்வி எல்லாத்துக்கும் இனிமே உண்மைத் தளம்தான். மிச்சத்துக்கு என் கிளி போதும்."

"அப்பாடா!"

மாமியார் பெயரை அழித்து, அங்கே என் பெயரை அடித்தேன். பச்சை விழுந்தது.

எர்மெக்கைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தவன், நான் வாய் திறக்கும் முன்பே கேட்டான்.

"பாத்துட்டியாம்மா?"