முத்திருளனுக்குப் போட்ட கோடு

1975 ஆடியில் சரிந்த கழிவுக்கல் மேட்டுக்கு அடியில் சிக்கிய முத்திருளன், அதன்பின் பதினோரு வருடங்களில் ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. காலை ஏழு மணிக்குக் கங்காணி சின்னச்சாமி குவாரி வாசலில் பேர் கூப்பிடுவார். முத்திருளன் பேர் வந்ததும் மேட்டுக்குள்ளிருந்து “இருக்கேண்ணே” என்று குரல் வரும். குரல் கொடுத்த ஆளுக்கு வருகைப் பதிவேட்டில் கோடு போடுவது குவாரி வழக்கம், போட்டார். “வெயில் படாத வேல ஒனக்குத்தேன் மாப்ள” என்று கூட்டாளிகள் மேட்டைப் பார்த்துக் கத்திவிட்டுச் சம்மட்டியோடு போவார்கள்.

நாகமலைக்கு மேற்கே இருந்த அந்தக் குவாரிக் கரட்டுக்குத் திட்டம் போட்டவர் கண்ணுச்சாமி. கல்லை மேலிருந்து கீழே படிக்கட்டுப்போல வெட்டி இறங்க வேண்டும். நல்ல கல் ஒரு பங்கு வந்தால் கழிவு நான்கு பங்கு வரும். அதைக் கொட்டும் இடத்துக்கு அடியில் நல்ல கல் இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடி அள்ள வேண்டும். கண்மாய்க்கு அப்பால் கொட்டினால் லாரி நாளுக்கு ஆறு நடை, கரட்டடியில் கொட்டினால் பதினான்கு. கண்ணுச்சாமி பதினான்கைத் தேர்ந்தெடுத்தார். மேடு உயர்ந்தது, சரிந்தது.

முத்திருளனின் மனைவி ஒச்சம்மாள் அங்கேயே ஜல்லி உடைப்பவள். மேடு சரிந்த வருடக் கடைசியில் குவாரிக்குப் போட்ட புதிய ஐந்தாண்டுத் திட்டத்தின் தாளைக் காட்டி, “இதுல அவரு எந்த வருசத்துல இருக்காரு சார்?” என்று கேட்டாள். கண்ணுச்சாமி பொறுமையாக விளக்கினார். அடியில் தோண்டினால் மேலே இருப்பது மறுபடி சரியும். உச்சியிலிருந்துதான் அள்ள வேண்டும். மேடு ஐந்தாம் வருடத்தில் வருகிறது. அவளுக்குப் புரிந்தது. ஐந்தாம் வருடம் வந்தபோது கல்லுக்கு ஆர்டர் கூடியிருந்தது, லாரிகளைப் பிரிக்க முடியவில்லை. மேடு அடுத்த திட்டத்தின் ஐந்தாம் வருடத்துக்குப் போனது. ஒச்சம்மாள் அழவில்லை. ஜல்லி உடைத்தாள். தலை நரைத்தது.

1985 கடைசியில் கண்ணுச்சாமி சிம்மக்கல் கடைத்தெருவில் வாங்கிய கட்டத்தாளை விரித்து, மேட்டை மறுபடியும் ஐந்தாம் வருடத்தில் எழுதினார்.

“அப்ப அதே எடத்துல என்னையும் எழுதிக்கங்க சார்,” என்றாள் ஒச்சம்மாள். “நாளைக்கு ரெண்டு கொரலாக் கேக்கும்.”

அவர் ரப்பரால் அழித்து, மேட்டை முதல் வருடத்தில் எழுதினார்.

உச்சியிலிருந்து இறங்கப் பதினோரு மாதம் ஆனது. கடைசி லாரி கிளம்பியதும் முத்திருளன் எழுந்து தூசியைத் தட்டினான். அதே இருபத்தாறு வயது. எதிரே தூக்குவாளியோடு நின்றவளிடம், “கொஞ்சம் வழி விடுக்கா, எம் பொண்டாட்டி சோறு கொண்டாருவா,” என்றான்.

“கொண்டாந்துட்டேன்யா,” என்றாள் ஒச்சம்மாள். “உக்காரு.”

மறுநாள் ஏழு மணிக்குச் சின்னச்சாமி பேர் கூப்பிட்டார். “இருக்கேண்ணே” என்ற குரல் வரிசையிலிருந்து வந்தது. அவர் தலை நிமிராமல் கோடு போட்டார்.