மூடிய இமைமேல் இரண்டு கண்

பினாங்கு ஸ்திரீட்டில் இருந்த பழனியப்பனின் படக்கடையில் ராமதாஸ் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதுவரை கடைப் பலகைகளில் பெயர் எழுதிப் பிழைத்தவன். புகைப்படத்துக்கு வர்ணம் தீட்ட முதன்முதலாக அவன் கைக்கு வந்ததோ பிணத்தின் படம். அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்!

பிரசவத்தில் போய்ச் சேர்ந்த புஷ்பவள்ளியை உயிரோடு இருந்தபோது யாரும் படமெடுத்து வைக்கவில்லை. இறந்தபின் நாற்காலியில் சாய்த்து எடுத்த ஒரே படம்தான் இருந்தது. அதில் மூடிய இமைமேல் அவன் கண் எழுத வேண்டும்.

"நல்லா எழுதிட்டா இனிமே முகமெல்லாம் உனக்குத்தான் லா. கெடுத்தே, மறுபடியும் பலகைதான்," என்றார் பழனியப்பன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேய்க்கே அவன்தான் கண் கொடுக்க வேண்டியிருந்தது. சேலை, மூக்குத்தி, பொட்டு எல்லாம் முடித்தான். கண்ணைக் கடைசியில்தானே திறக்க வேண்டும்? அவள் கண் எப்படியிருக்கும் என்று அவள் தாயைக் கேட்டால் அழுகைதான் பதிலாக வந்தது. சாமியைக் கும்பிட்டுத் தூரிகையை எடுத்தான். கை தனக்குத் தெரிந்த கண்ணை எழுதியது.

பதினாறாம் நாள் காரியத்தன்று டத்தோ கிராமாட் பக்கம் புஷ்பவள்ளியின் தாய் வீட்டுச் சுவரில் படம் ஏறியது.

"எம்புள்ள என்னையப் பாக்குறாளே!" என்று தாய் கதறினாள். பழனியப்பன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். யாரோ படத்துக்கு மாலை போட்டார்கள்.

அப்போதுதான் ராமதாஸுக்கு உறைத்தது. மாலைக்குள்ளிருந்து பார்த்தது தனலெட்சுமி, நிறைமாதமாக இருக்கும் அவன் மனைவி. இடது கண் ஒரு நூல் சிறுத்திருப்பதைக்கூட விடாமல் எழுதியிருந்தான், பாவி.

"கண்ணுல கொஞ்சம் வேலை பாக்கிம்மா," என்று படத்தை இறக்கப் போனான்.

தாய் குறுக்கே பாய்ந்தாள். "தொட்டியோ, கொன்னுபுடுவேன்! எம்புள்ள கண்ண மறுபடியும் மூடப் பாக்குறியா?"

பழனியப்பன் முறைத்தார். ராமதாஸ் கையை எடுத்துக்கொண்டான். தாய்க்கு இரங்கி ஒன்றும் இல்லை, வேலைக்குப் பயந்துதான்.

அங்கிருந்து வீட்டுக்கு ஓடினான். தனலெட்சுமி வாசலருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வேலை நிலைச்சிருச்சாங்க?"

தலையாட்டினான்.

"அப்ப மொத முகம் என்னோடதுதான். எப்ப எழுதப் போறீங்க?"

சிரித்தபடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இடது கண் ஒரு நூல் சிறுத்தது. ராமதாஸ் அவளைப் பார்க்கப் பயந்து, ஆய்ந்த கீரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.